நான்காம் சந்திப்பின் ஜெபம்

என் சபையாருக்கு என்மேல் ஒரு முறைப்பாடு உண்டு. போதகரம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ஜெபத்தைத்தான் செய்கிறா, அதையும் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறா என்பது அது. வேறு சபைப் பாஸ்டர்மார் வந்தால் வீட்டுக்காரரின் பேரைச் சொல்லி, பிள்ளைகளின் சோதனை, வராத விசா, அம்மாவின் முழங்கால் நோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எடுத்து அரை மணித்தியாலம் உருகுவார்களாம். நான் மூன்று நிமிடத்தில் ஆமென் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கை நீட்டிவிடுகிறேனாம். முறைப்பாடு முழுக்க உண்மை. இத்தனை வருடமும் நான் அதற்குப் பதில் சொன்னதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாயைத் திறந்தால் முறைப்பாடு சொன்னவர்தான் அழுதுகொண்டு போவார். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறேன். அதனால் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. பெண்களும் போதகராகலாம் என்று எங்கள் திருச்சபை அப்போதுதான் அரை மனதோடு ஒத்துக்கொண்டிருந்தது. இறையியல் வகுப்பில் சேர்ந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் பெண்கள். மற்றவள் முதல் தவணையோடு கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. அந்தப் பத்துப் பேரையும் விட ஒரு புள்ளியாவது கூட எடுக்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் என் முதலாவது விசுவாசம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் மற்றது விளங்காது.

வகுப்புகள் பழைய ஆலயக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் நடந்தன. காலையில் கிரேக்கமும் எபிரேயமும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சபைச் சரித்திரம், பிரசங்கம் செய்யும் முறை, மேய்ப்புப் பணி. வெளியே யுத்தம். எங்காவது குண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். விரிவுரையாளர் ஒரு கணம் நிறுத்துவார், எந்தப் பக்கம் என்று எல்லோரும் காதைத் தீட்டுவோம், பிறகு கிரேக்க வினைச்சொல் விட்ட இடத்தில் இருந்து தொடரும். சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் பாதி வகுப்பு பொலிஸ் நிலையத்தில் இருக்கும். ஒருநாள் கிராண்ட்பாஸ் சோதனைச்சாவடியில் என் கிரேக்கக் கொப்பியைப் புரட்டிய ஆமிக்காரன் "மே மொக்கத?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டான். தமிழுமில்லை, சிங்களமுமில்லை, ஆங்கிலமுமில்லை; அவனுக்கு அது இரகசியக் குறிப்பாகத்தான் பட்டிருக்கும். பைபிள் படிக்கிற பாடம் என்று தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தி முடிக்க இரண்டு மணித்தியாலம் போனது. அங்கே வரிசையில் நின்றபடி அந்தப் பக்கத்தைப் பாடமாக்கினேன். அடுத்த நாள் கிரேக்கச் சோதனையில் முழுப்புள்ளி. அப்படி ஒரு பிறவி நான்.

மூன்றாம் வருடத்தில் வெர்பேட்டிம் என்று ஒரு பயிற்சி வந்தது. நோயாளி ஒருவரையோ துக்கத்தில் இருக்கும் குடும்பத்தையோ கிழமைக்கு ஒருமுறை போய்ச் சந்திக்க வேண்டும். பேசும்போது குறிப்பு எடுக்கக் கூடாது. திரும்பி வந்து, நடந்த பேச்சு முழுவதையும் ஞாபகத்தில் இருந்து சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். தாளை மூன்று நிரலாகப் பிரித்து, ஒன்றில் நான் சொன்னது, மற்றதில் அவர் சொன்னது, கடைசி நிரலில் அந்த நேரம் என் மனதுக்குள் ஓடியது. அடியில் நான் செய்த ஜெபத்தை ஒரு சொல்லும் விடாமல் எழுத வேண்டும். பேர் போடக் கூடாது. திருமதி அ, திரு ஆ என்றுதான் போட வேண்டும். அதை வகுப்பில் வாசித்ததும் மற்றவர்கள் கோழி உரிப்பதுபோல உரிப்பார்கள். ஒரு தவணைக்கு ஆறு சந்திப்பு. எனக்கு வெள்ளவத்தையில் ஒரு வீடு கிடைத்தது.

காலி வீதியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்று இருந்தது. ஐயாவுக்கு வயிற்றில் புற்றுநோய். வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர்கள். மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகள் கனடாவில். மகன் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. சனத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுகொண்டவன். நான் அவர்களை அங்கிள், அன்ரி என்று கூப்பிட்டேன்.

அங்கிள் நாற்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொன்னதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்லுவது அவர் தொழில். உடம்பு எலும்பும் தோலுமாகப் போயிருந்தது, ஆனால் காது மட்டும் தொழிலில்தான் இருந்தது. நான் கொட்டாஞ்சேனைத் தமிழில் பேசத் தொடங்கினால், நீர் கதைக்கிறதை விளங்க எனக்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று பகிடி பண்ணுவார். எனக்கும் வாய் சும்மா இராது. உங்கட யாழ்ப்பாணத் தமிழுக்கு எபிரேயம் பரவாயில்லை என்று சொல்லுவேன். சிரித்தால் வயிறு நோகும் என்று கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். முதல் நாளிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்று நான் கிளம்பும்போது ஜெபம் செய்யலாமா என்று கேட்டேன். நான் கண்ணை மூடு முன்னர் அவர் ஒன்றே ஒன்று கேட்டார், தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லும் என்று. அந்த வீட்டில் தம்பி என்றால் மகன். சொன்னேன். வன்னியில் இருக்கிற மகனைக் காத்தருளும் என்று அன்றும் சொன்னேன், அடுத்த கிழமை அவர் கேளாமலே சொன்னேன். அவர் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை என்பதை அடுத்த கிழமைதான் கண்டுபிடித்தேன். ஜெபிக்கிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பழக்க தோஷம் என்று அன்ரி சொன்னா.

அவர் சாப்பிடுவதைப் பார்ப்பது பெரிய பாடு. ஒரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்து, கண்ணில் தண்ணீர் வர, விழுங்கி முடித்துவிட்டு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறப்பார். கட்டாயப்படுத்த வேண்டாமே என்று நான் ஒருநாள் அன்ரியிடம் சொன்னபோது அவரே பதில் சொன்னார். நத்தார்ப் பண்டிகைக்கு வன்னிப் பாதை திறக்கப்போகினமாம், தம்பி வரும்போது தான் எழும்பி இருக்க வேண்டுமாம், படுத்த படுக்கையாய் அவன் தன்னைப் பார்க்கக் கூடாதாம். பாதை திறக்கப்போகிறது என்று யாரோ எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றாவது சந்திப்பில் அங்கிள் நித்திரையாக இருந்தார். நான் குசினியில் அன்ரியோடு நின்றேன். அவ ஊறவைத்த அரிசியை வடித்துக்கொண்டிருந்தா. ஆற்றுப்படுத்தல் பாடத்தில் எங்களுக்கு ஒரு உத்தி சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். மௌனத்தை நிரப்பக் கூடாது. நான் கேட்டேன், உங்களுக்கு எப்படி இருக்கிறது அன்ரி என்று. கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஏழில் அவ சொன்னா.

"தம்பி இல்லை, பிள்ளை. ஆனியிலயே போயிட்டான்."

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவ அதைச் சொன்னபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவ நம்பிச் சொன்னது ஒரு மனுசியிடம். கேட்டுக்கொண்டு நின்றது வீட்டுப்பாடம் செய்யும் ஒரு மாணவி.

பயண அனுமதிப் பாஸ் எடுத்து வன்னியில் இருந்து வந்த பெண்ணொருத்தி, மகனோடு வேலை செய்தவள், செய்தியைக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் படலையில் நின்று வாயைத் திறக்கும்போதே அன்ரிக்கு விளங்கிவிட்டது. அங்கிளின் காது கேட்காத தூரத்துக்கு, ரயில் பாதை வரைக்கும் அவளைக் கூட்டிப்போய் அங்கே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறா. மருந்துப் பெட்டியோடு போன வழியில் ஷெல் விழுந்தது, அன்று பின்னேரமே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். திரும்பி வரும்போது கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறா, பாண் வாங்கத்தான் போனவ போல. மகளுக்குக் கொமியூனிகேஷன் கடையில் இருந்து கோல் எடுத்துச் சொல்லிவிட்டு அவளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறா. சபைப் போதகருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிறு ஆராதனையில் பேர் வாசிப்பார்கள், பின்னேரம் வீடு நிறையச் சனம் வந்து நிற்கும். அங்கிளிடம் பொய்க் கடிதம் காட்ட வேண்டிய தேவை அவவுக்கு இருக்கவில்லை. வன்னியில் இருந்து அப்போது யாருக்குமே கடிதம் வருவதில்லை. யுத்தம் அவவுக்குச் செய்த ஒரே உதவி அது.

ஏன் மறைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவவே சொன்னா.

"இவர் நாள் முழுக்க அவனைப் பற்றித்தான் கதைக்கிறார். சாப்பிட்டிருப்பானோ, செருப்புத் தேஞ்சிருக்குமோ எண்டு. அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் அவன் எங்கயோ இருக்கிற மாதிரித்தான் கிடக்கு. இவர் இருக்குமட்டும் அவனும் இந்த வீட்டில இருக்கட்டும்."

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டா. சொல்லமாட்டேன் என்று அவவின் ஈரக்கையைப் பிடித்துச் சத்தியம் மாதிரிச் சொன்னேன். அங்கிள் எழும்பியதும் கட்டிலடிக்குப் போய் ஜெபம் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆண்டவரே இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும், சமாதானத்தைத் தாரும் என்று நாலு வசனத்தில் முடித்தேன். அங்கிள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனைக்குப் போனதும் எல்லாவற்றையும் மூன்று நிரலில் எழுதினேன். திருமதி அ என்று போட்டால் ஒருவரிடமும் சொன்னதாகாது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உள்ளுக்குள் வேறொரு எண்ணமும் ஓடியது. அப்படி ஒரு வெர்பேட்டிம் அந்த வகுப்பில் வேறு யாரிடமும் இராது. அந்த எண்ணத்தை மூன்றாவது நிரலில் எழுதவில்லை.

அதை வகுப்பில் வாசித்து முடித்தேன். பிறகு சண்டை பிடித்தார்கள். முன்பு வங்கியில் வேலை செய்த ஒருவர், சாகப்போகிற மனிதனுக்கு உண்மை தெரிய உரிமை உண்டு என்று மேசையில் தட்டினார். மலைநாட்டில் இருந்து வந்த ஒருவர், அந்தம்மாவை அவங்க பாட்டில் விடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூன்று வருட வகுப்பில் சொல்லப்பட்ட மிகச் சரியான வார்த்தை அதுதான் என்று இன்று நினைக்கிறேன். அன்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும்தான்.

எங்கள் விரிவுரையாளர் நல்ல மனிதர், பழி சொல்ல எனக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. செவிகொடுத்துக் கேட்டதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஜெபத்துக்கு மூன்று.

"இந்த ஜெபத்தை எந்த வீட்டிலயும் செய்யலாம். அந்த வீடு இதுக்குள்ள எங்க?"

மூன்று புள்ளி. கேட்டது எல்லாவற்றையும் கைகளில் ஏந்தி ஆண்டவரிடம் கொண்டுபோவதுதான் மேய்ப்பரின் ஜெபம், நீங்கள் பொதுவார்த்தைக்குள் ஒளிந்துகொண்டீர்கள் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். பின்வாங்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு இரண்டு நாள் கொதித்தேன்.

அந்தக் கிழமை முழுவதும் ஒரு ஜெபத்தைத் தயாரித்தேன். உண்மையான ஜெபத்தை யாராவது எழுதி, வெட்டி, திருத்திப் பாடமாக்குவார்களா? நான் செய்தேன். பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன். மகனிடத்தில் வந்ததும் நின்றுவிட்டேன். இறந்தவனைக் காத்தருளும் என்று ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கமுமில்லை. அந்த மாதம்தான் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வகுப்பில் கூடிய புள்ளி எடுத்திருந்தேன். மனிதனின் ஆறுதலுக்காகக் கடவுளுக்கு முன்னால் பொய் சொல்லலாமா என்று எனக்குள் பெரிய விவாதமே நடந்தது. முடிவில் மகனைப் பற்றிய வசனத்தை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். விடுவது பொய்யாகாது. அந்த இடத்தில் அன்ரிக்கு மட்டும் விளங்கக்கூடிய ஒரு வசனத்தை வைத்தேன். அங்கிளின் தலைக்கு மேலால் அவவுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் கேட்கட்டும் என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காவது சந்திப்பு ஐப்பசிக் கடைசியில். மழை பெய்து ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். அங்கிள் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தார், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகிடி எல்லாம் நடந்தது. அன்ரி கஞ்சிக் கோப்பையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றா. நான் அவர் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, தொடங்கினேன். உடல் வேதனையோடு இருக்கிற உமது அடியானைத் தொடும் என்றேன். இரவு பகலாக அவரைப் பார்க்கிற கைகளைப் பலப்படுத்தும் என்றேன். தூர தேசத்தில் இருக்கிற மகளை, மருமகனை, பேரப்பிள்ளையைக் காத்தருளும் என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். ஒருவரிடமும் சொல்லாமல் இந்தத் தாய் நெஞ்சுக்குள் சுமக்கிற பாரத்தை நீர் அறிவீர், அதை நீரே சுமந்துகொள்ளும் என்றேன். குரல் சரியான இடத்தில் தளும்பியது. ஆமென்.

கண்ணைத் திறந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பியைச் சொல்லேல்லை," என்றார்.

மறந்துபோனேன் அங்கிள் என்றேன். இப்போது சொல்லுகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"நீர் மறக்கிற ஆளில்லை. கனடாவில இருக்கிற குழந்தை வரைக்கும் சொன்னீர். போன கிழமையும் அவனைச் சொல்லேல்லை."

கோர்ட்டில் சாட்சியைத் திரும்பக் கேட்கிற குரல் அது. கோபம் இல்லை. அவர் என்னை விட்டுவிட்டு அன்ரியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அன்ரி கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. ஒரு பொய் சொல்லுங்கள், தயவு செய்து ஒரு பொய் சொல்லுங்கள் என்று நான் அவவை மனதுக்குள் கெஞ்சினேன். அந்த வீட்டுக்குள் நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான்.

"தம்பியோ?" என்று கேட்டார்.

அன்ரி ஓம் என்று தலையை ஆட்டினா. கோப்பையை வைக்க இடம் தேடி, கடைசியில் நிலத்தில் வைத்தா. எப்ப என்று அவர் கேட்க, ஆனியில் என்று சொன்னா. அவர் விரலை மடித்துப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தானாகத் திரும்பிப் படுத்து நான் அதுவரை கண்டதில்லை. அன்ரிதான் எப்போதும் திருப்பி விடுவா. அவ அவரின் முதுகில் கைவைத்தபோது அந்தக் கையை அவர் பிடிக்கவுமில்லை, தட்டிவிடவுமில்லை. நான் நின்ற இடத்தில் நின்றேன். நீங்கள் போங்கோ பிள்ளை, மழை வரப்போகுது என்று அன்ரி சொன்னா.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் இரண்டு ரயில் வந்து போகும் வரைக்கும் வாங்கிலில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கண்ணை மூடாமல் கேட்கிறவர் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடம் மற்றவர்கள் விட்ட சொல்லைப் பிடித்துச் சம்பளம் வாங்கினவர் என்று தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு, ஜெபத்தில் இழந்த ஏழு புள்ளிக்காக அந்த வேலையைச் செய்தேன்.

அடுத்த கிழமை போக எனக்குத் துணிவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தேன். நான் ஜெபம் செய்த அன்றைக்கே அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டுவாராம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒன்பதாம் நாள் போய்விட்டார். அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் இருந்தேன். தகப்பனுக்கும் மகனுக்கும் சேர்த்துப் போதகர் பேசினார். சபை முழுக்க அழுதது. வீடு நிறையச் சனம் நின்றது, அன்ரி எதற்குப் பயந்தாவோ அதேமாதிரி. நான் கிட்டப் போகவில்லை.

நான்காவது வெர்பேட்டிமை வகுப்பில் கொடுக்க வேண்டும். தெமட்டகொடையில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரைக் கற்பனையில் உண்டாக்கினேன். கால் எலும்பு முறிந்து மாடிப்படி இறங்க முடியாமல் இருப்பவர். திருமதி அ வீட்டுக்கு இனிப் போக முடியாது, மரணம் நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். யாரும் துருவவில்லை. ரயில்வேக்காரருக்காக நான் எழுதிய ஜெபத்தில் அவரின் கால், மாடிப்படி, ஊன்றுகோல், பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்த பிணக்கு எல்லாம் இருந்தன. எட்டுப் புள்ளி கிடைத்தது. வங்கிக்காரர் வந்து கைகொடுத்தார். உண்மையை விரிவுரையாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெறுபேற்றுத் தாளை வைத்துத்தான் எனக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

மார்கழி தொடக்கத்தில் அன்ரி கனடாவுக்குப் போகப்போகிறா என்று கேள்விப்பட்டேன். மகள் ஸ்பொன்சர் பண்ணியிருந்தாள். போகாமல் விட்டால் வாழ்நாள் முழுக்க என் முகத்தை நானே பார்க்க முடியாது என்று தோன்றியது, போனேன். அறையில் கட்டில் இல்லை. வாடகைக்கு எடுத்த கட்டில், கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. அன்ரி என்னைக் கண்டு முகத்தைச் சுளிக்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா, சீனி கூடிப்போச்சோ என்று கேட்டா. கனடாக் குளிருக்கு என்று யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தா.

நான் பேசத் தொடங்கினேன். மூன்று வருடம் படித்த மௌனம் எல்லாம் பறந்துவிட்டது. மூச்சு விடாமல் பேசினேன். வகுப்பில் அவ கதையை வாசித்ததைச் சொன்னேன், புள்ளியைச் சொன்னேன், ஜெபத்தை எழுதிப் பாடமாக்கியதைச் சொன்னேன், மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் மகனின் பேரை விட்டேன் என்று சொல்லும்போது என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. அவ சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. உங்களில் கோபமில்லைப் பிள்ளை என்று சொன்னா. நீங்கள் சின்னப்பிள்ளை, எங்கட பிள்ளையளின்ர வயசு, வேணுமெண்டு செய்யேல்லை, எனக்குத் தெரியும் என்று சொன்னா. அதோடு விட்டிருந்தால் நான் ஆறுதலாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

சட்டையைச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டு, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

"டொக்டர் தை மட்டும் இருப்பார் எண்டு சொன்னவர். எனக்கு இன்னும் ரெண்டு மாதம் இருந்தது, பிள்ளை. அவர் தம்பியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்திருப்பார், நான் கேட்டுக்கொண்டு இருந்திருப்பன்."